எத்தனை எஞ்சின்?

சென்ற ஐப்பசியில், அடைமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் அக்கா திருநகரிலிருந்து ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். சாதாரணமாக அவள் பஸ்ஸில்தான் வருவாள். பஸ் கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை நின்று, அதற்கு அடுத்த பஸ்ஸில் வருவாளே தவிர, ஆட்டோவுக்குப் பணம் கொடுக்க அவளுக்கு மனம் வராது. ஆகவே சமாசாரம் பெரிது என்று தெரிந்துகொண்டேன்.

"பய போன் பண்ணினான்டா தம்பி. பிளேன் ஓட்ட எடுத்துட்டாங்களாம்" என்றாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதன் அடியில் இன்னொன்றும் இருந்தது.

அக்காவுக்கு ஒரே பையன். அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அத்தான் போய்விட்டார். அன்றிலிருந்து அக்கா முறுக்கும் சீடையும் சுட்டுக் கடைகளுக்குப் போட்டு அவனை ஆளாக்கினாள். அவன் பன்னிரண்டாவது முடித்ததும் பரீட்சை எழுதி, கேரளத்தில் எழிமலையிலே இருக்கிற கடற்படைக் கல்லூரிக்குப் போய்விட்டான். கடற்படை என்றால் கப்பல்தானே என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். கப்பலின் மேலே விமானமும் இருக்கும் என்பது அக்காவின் கணக்கில் இல்லை.

காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "அந்தப் பிளேன்ல எத்தனை எஞ்சின்?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மொட்டை மாடியில் வடகம் காயப் போடும்போது, பெருங்குடி விமான நிலையத்துக்கு இறங்குகிற விமானங்களை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி சுற்றும். ஒன்று நின்றாலும் இன்னொன்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டு" என்றேன்.

ஒன்றும் தெரியாமல் சொன்ன பதில். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நின்றுவிட்டவன். அந்த இரண்டு வருஷத்தில் பௌதிகமும் ஒரு பாடம். ஆனால் பௌதிகத்துக்கும் எனக்கும் இருந்த உறவைப் பற்றிப் பேசாமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது. கதையில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அக்கா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுப் பஸ்ஸில் திரும்பிப் போனாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் விளாச்சேரிக்குப் போனேன். அந்த ஊர் கொலுப் பொம்மைக்குப் பெயர் போனது என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். பொம்மைக்காரர்களின் தெருவைத் தாண்டினால் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒரு கடை இருக்கிறது. கடை மகனுடையது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எண்பத்து மூன்று வயது அப்பாவைத்தான் ஊரில் 'கப்பல்காரர்' என்பார்கள். ஒரு காலத்தில் கடற்படையில் விமான எஞ்சின் மெக்கானிக். இப்போது மகன் கழற்றிப் போடுகிற நீர்மூழ்கி மோட்டார்களைப் பார்த்து, "நான் மேலே பறக்கிறதுக்கு வேலை பார்த்தேன். இவன் கீழே முழுகுறதுக்கு வேலை பார்க்கிறான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் கடற்படையில் சேர்ந்த கதையே வேடிக்கையானது. "கடலைப் பார்க்கலாம்னு சேர்ந்தேன் தம்பி. கொண்டுபோய்க் கோயம்புத்தூர்ல விட்டாங்க. கண்ணுக்கு எட்டின தூரம் பருத்திக் காடு" என்பார். கதையில் மிகை இல்லை. நம் கடற்படையின் முதல் போர் விமானத் தளமான 'ஹன்சா' 1961 செப்டம்பரில் தொடங்கப்பட்டது கோயம்புத்தூரை அடுத்த சூலூரில்தான். அதே வருஷம் டிசம்பரில் கோவா விடுதலையாயிற்று. அதன் பிறகு, 1964-இல், தளம் அங்கே தபோலிமுக்கு மாறியது. அந்த இரண்டே முக்கால் வருஷம், விக்ராந்த் கப்பலுக்கான விமானங்கள் கொங்கு நாட்டு மண்ணில்தான் இளைப்பாறின. நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"ஐயா, கப்பல்லேருந்து பறக்கிற பிளேனுக்கு எஞ்சின் ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டேன்.

கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்குக் கேட்கிறே?" என்றார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனை விளித்து, "தம்பிக்கு ஒரு ஸ்டூல் போடுடா" என்றார். இது ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயமில்லை என்று அப்போதே புரிந்தது.

அவர் காலத்து விமானங்களுக்கு ஒன்றுதான். சீ ஹாக் என்ற பிரிட்டிஷ் ஜெட்டுக்கு ரோல்ஸ் ராய்ஸ் 'நீன்' எஞ்சின் ஒன்று. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் போகும் ஆலிஸே என்ற பிரெஞ்சு விமானத்துக்கு விசிறி வைத்த எஞ்சின், அதுவும் ஒன்று. சீ ஹாக்கில் ஒரு விசித்திரம் உண்டு. காற்றை உள்ளே இழுக்க இரண்டு வாய், புகையை வெளியே தள்ள இறக்கைக்கு அடியோரம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழாய். பார்க்கிறவன் இரண்டு எஞ்சின் என்று சத்தியம் செய்வான். நடுவில் உட்கார்ந்திருப்பது ஒன்றே ஒன்று. புகைக்குழாயை இப்படிப் பக்கவாட்டில் பிரித்ததால் வால் பக்கம் காலியாகி, அங்கே கூடுதல் பெட்ரோல் வைக்க இடம் கிடைத்ததாம். 1971 டிசம்பர் 4-ஆம் தேதி விக்ராந்திலிருந்து கிளம்பிக் காக்ஸ் பஜாரில் குண்டு போட்டவை இந்த ஒற்றை எஞ்சின்காரர்கள்தான்.

"பயமா இருக்காதா?"

"ஓட்டுறவனைக் கேட்கணும். எனக்குத் தெரிஞ்சது டெக்குல நிக்கிறது. போனதை எண்ணுவோம், வந்ததை எண்ணுவோம். ரெண்டு எண்ணும் ஒண்ணா இருந்தா அன்னைக்குச் சோறு இறங்கும்."

பிறகு வந்த சீ ஹாரியரும் ஒற்றை எஞ்சின்தான். 1983-இல் முதல் விமானங்கள் வந்தபோது கிழவர் இன்னும் வேலையில் இருந்தார். ஹெலிகாப்டர் மாதிரி நின்ற இடத்தில் இறங்கும் அதிசய விமானம் அது. ஒரே எஞ்சினின் மூச்சை நான்கு முனைகள் வழியாகத் திருப்பி விடுவார்கள். கீழே தள்ளினால் நிற்கும், பின்னால் தள்ளினால் பறக்கும். ஆனால் அந்த ஒற்றை மூச்சு தடுமாறினால் நிற்கவும் முடியாது, பறக்கவும் முடியாது. 2016-இல் அவற்றுக்கு ஓய்வு கொடுத்தபோது, வாங்கியவற்றில் பாதிக்கு மேல் விபத்துகளில் போயிருந்தன. எல்லாம் எஞ்சினால் அல்ல என்று கிழவர் அழுத்திச் சொன்னார். தம் இனத்தானுக்குப் பரிந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"அப்போ ரெண்டு இருந்தா நல்லதுதானே ஐயா?" என்றேன். அக்காவிடம் சொன்ன பொய்யை எப்படியாவது மெய்யாக்கிவிட வேண்டும் எனக்கு.

"ரெட்டை மாட்டு வண்டி பூட்டியிருக்கியா?"

இல்லை என்றேன். என் தாத்தா பூட்டியிருக்கிறார். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போவார்.

"ஒத்தை மாட்டு வண்டியிலே மாடு படுத்துக்கிட்டா வண்டி நின்னு போகும். ரெட்டை மாட்டு வண்டியிலே ஒண்ணு படுத்தா, மத்தது இழுத்துக்கிட்டுப் போகும்னு நீ நினைக்கிறே. போகாது. நுகத்தடியிலே ஒரு பக்கந்தானே இழுப்பு? வண்டி அங்கிட்டுச் சுத்தும். ரோட்டுல சுத்தினா வாய்க்காலோட போச்சு. கப்பல்ல இறங்கும்போது சுத்தினா?"

இதை அவர் சொன்ன பிறகு, நான் இரவெல்லாம் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். கிழவர் சொன்னது அப்பட்டமான உண்மை. 1944 மார்ச்சில் எரிக் பிரவுன் என்ற பிரிட்டிஷ் விமானி, மாஸ்கிட்டோ என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை 'இண்டிஃபேட்டிகபிள்' கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். கப்பலில் இறங்குவதற்கு வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அந்தக் குறைந்த வேகத்தில் ஒரு எஞ்சின் நின்றால், மற்ற எஞ்சினின் இழுப்பைச் சமாளிக்க வால் பலகைக்குச் சக்தி போதாது. விமானம் புரண்டுவிடும். அது தெரிந்துதான் இறக்கினார். அவர் 2016 வரை உயிரோடு இருந்தார் என்று படித்தபோது, என்னமோ எனக்கு உறவுக்காரர் பிழைத்த மாதிரி ஒரு சந்தோஷம்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1994 அக்டோபர் 25-ஆம் தேதி, காரா ஹல்ட்கிரீன் என்ற அமெரிக்கப் பெண் விமானி, எஃப்-14 என்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் கப்பலை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்து எஞ்சின் திணறி நின்றது. அந்த விமானத்தில் இரண்டு எஞ்சின்களும் ஒன்றுக்கொன்று நன்றாக விலகி இருக்கும். வண்டி சுற்றிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் வெளியே வீசப்பட்டுப் பிழைத்தார். அரை விநாடி கழித்து வீசப்பட்ட அந்தப் பெண் பிழைக்கவில்லை. இரண்டாவது எஞ்சின் அப்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை.

சரி, எஞ்சின்களை ஒட்டி ஒட்டி வைத்தால் என்ன? வைக்கிறார்கள். சுற்றுவது குறையும். ஆனால் ஒன்றில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்கும் பரவும் என்ற பயம் வருகிறது. கீழமாசி வீதியில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

கணக்கு என்றதும் நினைவு வருகிறது. ஒரு எஞ்சின் ஆயிரம் தடவை பறந்தால் ஒரு தடவை மக்கர் செய்யும் என்று, சும்மா ஒரு பேச்சுக்கு, வைத்துக்கொள்வோம். இரண்டு எஞ்சின் இருந்தால் இரண்டில் ஏதாவது ஒன்று மக்கர் செய்யும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது. கழற்றிப் பூட்ட வேண்டிய சாமான் இரட்டிப்பு, குடிக்கிற பெட்ரோல் அதிகம், கப்பலின் அடித்தட்டில் அடைக்கிற இடமும் அதிகம். இதெல்லாம் நஷ்டக் கணக்கு. லாபக் கணக்கில் ஒரே ஒரு வரிதான்: இரண்டும் ஒரே சமயத்தில் போகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் பறவைகளுக்குக் கணக்குத் தெரியாது. 2019 நவம்பர் 16-ஆம் தேதி கோவாவில் நம் கடற்படையின் மிக்-29கே பயிற்சி விமானம் ஒன்று பறவைக் கூட்டத்தில் புகுந்தது. ஒரு எஞ்சின் அணைந்தது, மற்றதில் தீப்பிடித்தது. விமானிகள் இருவரும் ஆளில்லாத இடமாகப் பார்த்து விமானத்தைத் திருப்பிவிட்டுக் குதித்துப் பிழைத்தார்கள். பத்து லட்சத்தில் ஒன்று என்பது இரண்டுக்கும் தனித்தனி விதி என்று நினைத்துப் போட்ட கணக்கு. ஒரே கூட்டத்துக்குள் இரண்டும் புகுந்தால் விதி ஒன்றாகிவிடுகிறது.

இந்த மிக்-29கே இரட்டை எஞ்சின் விமானம், 2013-இல் படையில் சேர்ந்த விக்ரமாதித்யா கப்பலுக்காக ரஷ்யாவிடம் வாங்கியது. 2016-இல் மத்தியத் தணிக்கைத் தலைவர் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் பிடித்தேன். நாவல் எழுதுகிறவன் தணிக்கை அறிக்கை படிக்கலாமா என்று கேட்காதீர்கள். பல நாவல்களைவிட விறுவிறுப்பாக இருந்தது. வடிவமைப்புக் கோளாறு காரணமாக 40 எஞ்சின்களைக் கழற்றி எடுக்க வேண்டியிருந்தது என்கிறது. பறக்கும்போதே ஒரு எஞ்சின் கைவிட்டு, மற்றதைக் கொண்டு இறங்கிய சம்பவங்கள் 10.

இந்தப் பத்து என்ற எண்ணை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு எஞ்சின் வேண்டும் என்கிறவருக்கும் அது சாட்சி, வேண்டாம் என்கிறவருக்கும் அது சாட்சி. எஞ்சின் சரியாக இருந்திருந்தால் பத்து தடவை அந்த நிலைமையே வந்திராது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் ஒற்றை எஞ்சினாக இருந்திருந்தால் அந்தப் பத்து தடவையும் என்ன ஆகியிருக்கும்? நிலத்தின் மேல் பறக்கிறவனுக்குக் கண்மாயோ வயலோ கிடைக்கும். நம் மதுரைச் சீமையில் எங்கே விழுந்தாலும் நாலு பேர் ஓடிவருவார்கள். நடுக்கடலில் யார் வருவார்கள்? நான் ஒரு பக்கம் சாயத்தான் வேண்டுமென்றால், இங்கேதான் சாய்கிறேன். பத்து வீடுகளில் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கிழவர் கை காட்டி விளக்கினார். அவருடைய விக்ராந்தில் நீராவிக் கவண் ஒன்று இருந்தது. கவணில் கல்லை வைத்து எறிகிற மாதிரி விமானத்தை எறியும். இப்போதிருக்கிற விக்ரமாதித்யாவிலும், 2022 செப்டம்பரில் கொச்சியில் படையில் சேர்ந்த புதிய விக்ராந்திலும் கவண் இல்லை. முன் பக்கம் மேல் நோக்கி வளைந்த மேடைதான் உண்டு. விமானம் தன் பலத்திலேயே ஓடி எகிற வேண்டும். பலம் குறைந்தவன் குண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் பெங்களூர்த் தயாரிப்பான தேஜஸின் கடற்படை வகை 2020 ஜனவரி 11-ஆம் தேதி விக்ரமாதித்யாவில் அழகாக இறங்கிற்று, மறுநாள் மேடையில் எகிறவும் செய்தது. ஆனாலும் அதற்கு எஞ்சின் ஒன்றே. முழுப் பாரத்தோடு கிளம்ப அந்த ஒன்றின் பலம் போதாது என்று 2016-லேயே கடற்படை சொல்லிவிட்டது. இப்போது இரட்டை எஞ்சினோடு புதிதாக ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறார்கள். நடுவில் 2025 ஏப்ரலில் பிரான்சிடம் 26 ரஃபேல் கடல் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். அதற்கும் இரண்டு. விமானப்படையின் தேஜஸ்கள் 2018-இல் போய்ச் சேர்ந்த ஊர் எது தெரியுமா? சூலூர்! இதைச் சொன்னதும் கிழவர் குழந்தை மாதிரி கை தட்டினார்.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தவர்கள் மாதிரி வந்து, பிறகு மாறிவிட்டார்கள். 1975-இல் அவர்களுடைய விமானப்படை தேர்ந்தெடுத்த ஒற்றை எஞ்சின் விமானம் வேண்டாமென்று, போட்டியில் தோற்ற இரட்டை எஞ்சின்காரனைக் கடற்படை எடுத்துக்கொண்டு எஃப்-18 ஆக்கியது. அதே கடற்படை இப்போது எஃப்-35சி என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தைக் கப்பலில் வைத்திருக்கிறது. அந்த ஒரு எஞ்சினின் தள்ளுவிசை 43,000 பவுண்டு. முதல் எஃப்-18-இன் இரண்டு எஞ்சின்களையும் சேர்த்தாலும் அந்த அளவு வராது. எஞ்சின் செய்கிற கலை அவ்வளவு முன்னேறிவிட்டது என்கிறார்கள். எல்லாம் சரி, மாடும் வளர்ந்துவிட்டது, கடல் மட்டும் அப்படியே இருக்கிறதே!

இவ்வளவும் படித்து முடித்தபின், எனக்கு ஒருவாறு தைரியம் வந்தது. மிக் ஆனாலும் சரி, ரஃபேல் ஆனாலும் சரி, பையன் கப்பலிலிருந்து பறக்கப்போவது இரண்டு எஞ்சினில்தான். என் பொய் தானாகவே மெய்யாகிவிட்டது! அன்று சாயங்காலமே பையனுக்குப் போன் செய்தேன். பெருமையோடு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அது இன்னும் ரொம்ப நாள் கழிச்சு. இப்ப முதல்ல பிலாட்டஸ். அதுக்கப்புறம் சண்டை விமானத்துக்கு எடுத்தா ஹாக். ரெண்டுக்கும் ஒரே எஞ்சின்தான். ஒத்தையிலே நல்லா ஓட்டினாத்தான் ரெட்டை" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்டே நானும் ரெண்டுன்னுதான் சொல்லியிருக்கேன்" என்றான்.

மாமனும் மருமகனும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். அது நிலைக்கும் என்றே நினைத்தேன். பத்து நாள் நிலைத்தது.

பதினோராவது நாள் அக்கா மறுபடி வந்தாள். இந்தத் தடவை பஸ்ஸில்தான். தோளில் ஒரு பெரிய துணிப்பை. பையை இறக்கி வைத்துவிட்டு, "நான் விளாச்சேரிக்குப் போயிருந்தேன்" என்றாள்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அந்தப் பெரியவருகிட்டே நீ போய்ப் பேசினியாமே. வீட்டு மோட்டார் பழுதாச்சுன்னு போனேன். அவரே கூப்பிட்டு உட்கார வெச்சாரு. ஒண்ணுதான்னு சொன்னாரு."

"அக்கா, அது பழகுறதுக்கு மட்டுந்தான். அப்புறம்…"

"எல்லாம் சொன்னாரு." அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "நான் அவரை ஒண்ணு கேட்டேன். அந்த ஒரு எஞ்சினை யாரு பார்த்துக்குவாங்கன்னு கேட்டேன்."

கிழவர் அவளுக்கு விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவை பறப்பதற்கு முன்னாலும் எஞ்சினைப் பார்க்கிறவன் ஒருவன் இருக்கிறான். விசிறிச் சிறகுகளை விளக்கடித்துப் பார்ப்பான், எண்ணெய் பார்ப்பான், கையை விட்டுத் தடவிப் பார்ப்பான். திருப்தியான பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போடுவான். அவன் போட்ட பிறகுதான் விமானி போடுவான். இருபது வருஷத்துக்கு மேல் தாம் அந்தக் கையெழுத்தைப் போட்டதாகவும், போட்ட ஒவ்வொரு நாளும் விமானம் திரும்பி வருகிறவரை தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்றும் சொல்லியிருக்கிறார். என்னிடம் அவர் இதைச் சொல்லவில்லை. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"அங்கே கையெழுத்துப் போடுற பையனும் எவ பெத்த பிள்ளையோ. சின்னப் பயலாத்தான் இருப்பான்னாரு பெரியவரு" என்றாள் அக்கா.

பிறகு துணிப்பையைத் திறந்து இரண்டு தகர டப்பாக்களை எடுத்து வெளியே வைத்தாள். இரண்டிலும் முறுக்கு, சீடை, கொஞ்சம் அதிரசம். ஒரே மாதிரி நிறைத்து, மூடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். எனக்கு இங்கிலீஷில் நல்ல கையெழுத்து என்பது அவளுடைய நெடுநாளைய அபிப்பிராயம். விலாசம் எழுதுவதற்காகத்தான் வந்திருக்கிறாள்.

முதல் டப்பாவில் பையனின் பெயரை எழுதினேன். இரண்டாவதை இழுத்து வைத்துக்கொண்டு, "இதுலே யார் பேரு எழுத?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாது. எஞ்சின் பார்க்கிற பையனுக்குன்னு எழுது" என்றாள்.